முதல் மாடி வாடகை வீட்டில் வாசக்கால், பூட்டு, பால்கனிக் கதவு எல்லாவற்றையும் பலப்படுத்தியது

எங்கள் தெருவில் இரண்டு கட்டடம் தள்ளி ஒரு வீட்டில் பட்டப்பகலில் கதவை நெம்பித் திறந்து நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சென்னை மடிப்பாக்கம் பக்கம் இருக்கும் வழக்கமான கட்டடம்தான், கீழே வண்டி நிறுத்துகிற இடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு மூன்று வீடு, வாட்ச்மேன் கிடையாது. நாங்கள் இருப்பதும் அதே மாதிரி கட்டடத்தில், முதல் மாடியில். நான் வேலைக்குப் போனபின் அம்மா பகலெல்லாம் தனியாக இருப்பார். அந்தத் திருட்டுக்கு அப்புறம் அவருக்குத் தூக்கம் போய்விட்டது, ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார்.

கேமரா வாங்கி மாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் முதலில் அந்த உடைந்த கதவைப் போய்ப் பார்த்தேன். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் நாக்கு அப்படியே வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிளந்திருந்தது வாசக்கால் மரம். நாக்கு போய் உட்காருகிற தகடு, அரை அங்குலத் திருகு இரண்டோடு தரையில் கிடந்தது. அதைப் பார்த்தபிறகு எங்கள் வீட்டில் எதில் கை வைக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. கேமரா, வந்தவன் முகத்தைக் காட்டும். அம்மா உள்ளே இருக்கும்போது எவனும் உள்ளே வர முடியாமல் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு சாயங்காலம் டார்ச்சோடு கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எல்லோரும் இதைச் செய்து பாருங்கள், சாவி இல்லாமல் இந்த வீட்டுக்குள் எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டே நடக்க வேண்டும். காம்பவுண்டு சுவர் மேல் ஒரு கால், தரைமட்டத்திலிருந்து ஆளுயரத்தில் பொருத்திய ஏசி வெளி யூனிட்டின் இரும்பு பிராக்கெட் மேல் அடுத்த கால், அங்கிருந்து சன்ஷேட், சன்ஷேடிலிருந்து எங்கள் பின்பக்க பால்கனி, அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாய் வேறு பக்கத்திலேயே கைப்பிடி போல ஓடுகிறது. முதல் மாடி என்றால் உயரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இளவட்டப் பையன் ஒருவனுக்கு அது ஒரு நிமிட வேலை. முன்பக்கம் நெம்பினால் சத்தம் கேட்கும், பின்பக்கம் வந்து நின்றால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

முதலில் மாற்றியது பூட்டின் சிலிண்டர், அதாவது சாவி நுழைகிற உருளைப் பகுதி. வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. நமக்கு முன் எத்தனை பேர் குடியிருந்தார்கள், அவர்கள் வீட்டு வேலைக்கு வந்தவர்கள், பெயின்ட் அடித்தவர்கள், புரோக்கர் என்று எத்தனை கைகளில் அந்தச் சாவி இருந்தது, யார் டூப்ளிகேட் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கதவுக்குள் புதைத்த பூட்டாக இருந்தால் முழுப் பூட்டையும் கழற்றத் தேவையில்லை. கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள், நாக்குக்குக் கீழே சாவி ஓட்டைக்கு நேராக நீளமான ஒரு திருகு தெரியும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் மட்டும் திருப்பினால், உள்ளே இருக்கும் சின்னக் கொக்கி சிலிண்டரோடு நேர்கோட்டுக்கு வரும். அப்போது சிலிண்டரைத் தள்ளினால் முழுதாக வெளியே வந்துவிடும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் நல்லது. திருகு ஓட்டையின் நடுவிலிருந்து இரண்டு பக்க நுனிக்கும் எவ்வளவு நீளம் என்று தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிப்பக்கம் சிலிண்டர் கைப்பிடித் தகட்டைத் தாண்டி இரண்டு மூன்று எம்எம்முக்கு மேல் துருத்திக்கொண்டு இருக்கவே கூடாது. துருத்தினால் இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடலாம், அந்தத் திருகு ஓட்டை இருக்கும் இடம்தான் சிலிண்டரிலேயே மெல்லிய இடம். எங்கள் பழைய சிலிண்டர் நன்றாகவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு ஓனருக்குப் படம் எடுத்து அனுப்பி அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொடங்கினேன். புதுச் சாவியில் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவசரம் என்றால் நானே வந்து திறந்துவிடுகிறேன் சார், அம்மா தனியாக இருக்கிறார், சாவி எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும் என்று சொன்னேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைச் சொல்லிச் சண்டை போட வேண்டிய நிலை வரவில்லை, அவரும் புரிந்துகொண்டார். ஆனால் தனியாக வாடகைக்கு இருக்கும் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வாசக்கால். இதில்தான் அதிக நேரம் போனது, பலனும் இதில்தான் அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன். தெரிந்த கார்ப்பென்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "பூட்டு நல்லாத்தானேம்மா இருக்கு, எதுக்கு இதுக்கெல்லாம் செலவு பண்றீங்க?" என்றார். "பூட்டு இருக்கட்டும்ணே, அந்தத் தகட்டைக் கழட்டிப் பாருங்க" என்றேன். இரண்டு திருகும் கையால் இழுத்தாலே வந்துவிடும் போல இருந்தது. முக்கால் அங்குலம்கூட இல்லை. மரைக்குள் மாவு மாதிரி மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டுக்குப் பின்னால், நாக்கு போகிற குழிக்கும் அறைப் பக்கத்து விளிம்புக்கும் நடுவில் இருந்த மரம் ஒரு விரல் தடிமன். வெளியிலிருந்து ஓங்கி உதைத்தால் அந்த உதை மொத்தமும் இந்த ஒரு விரல் மரத்தில்தான் போய் இறங்கும். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் உளியை எடுத்தார்.

வெல்டிங் கடையில் 3 எம்எம் தடிமனில் எல் ஆங்கிள் ஒன்றை 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டச் சொல்லி வாங்கினோம். அதன் ஒரு முகம் நாக்கு உட்காருகிற பக்கத்திலும், இன்னொரு முகம் அறைப் பக்கத்திலும் மரத்தை அணைத்தபடி உட்காரும். நாக்கு போக வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்ததும் கிரைண்டரால் வெட்டிக் கொடுத்தார்கள், பிசிறை அரத்தால் ராவ வேண்டியிருந்தது. அப்புறம் வாசக்காலில் தகட்டின் கனம் அளவுக்கு மரத்தைச் செதுக்கி இறக்கினோம், இல்லையென்றால் கதவு மூடாது. அவசரமே படக்கூடாத இடம் இது. கொஞ்சம் செதுக்குவது, தகட்டை வைத்துக் கதவை மூடிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் செதுக்குவது. ஆழமாகப் போய்விட்டால் தகடு ஆட ஆரம்பித்துவிடும். நாக்கு உள்ளே போனபின் கதவு ஒரு நூல்கூட ஆடாமல் நிற்கிற வரை அண்ணன் விடவில்லை.

திருகு 3 அங்குலம், 5 எம்எம் தடிமன். தேக்கில் நேராகத் திருகினால் பாதியில் தலை ஒடிந்துவிடும், மரமும் பிளக்கும், அதனால் முதலில் 3 எம்எம் பிட்டால் முழு ஆழத்துக்கும் துளை போட்டுக்கொண்டோம். மரையில் துணி சோப்பைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய அரை அங்குல ஓட்டைகளை அப்படியே விடவில்லை, மூங்கில் குச்சியைச் சீவிப் பெவிகால் தடவி அடித்து, காய்ந்தபின் சமமாக வெட்டிவிட்டோம்.

இதே சமயத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் வாசக்காலைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன். பூட்டுப் பக்கம் இடுப்புயரத்தில் டொக் டொக்கென்று வெற்றாகச் சத்தம் வந்தது. உள்ளே மரத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் கலவை நிரம்பவில்லை, மேலே பூச்சு மட்டும் மூடியிருக்கிறது. இப்படி இருந்தால் எவ்வளவு நீளத் திருகு போட்டாலும் வாசக்காலே ஆடும். வாசக்காலைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க, 10 எம்எம் குறுக்களவில் 120 எம்எம் நீளமான பிரேம் ஆங்கர் என்ற திருகு, நைலான் உறையோடு கடையில் கிடைக்கும். மரத்தைத் தாண்டிச் செங்கலுக்குள் ஐந்து சென்டிமீட்டராவது போக வேண்டும். பூட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கீல் பக்கம் அதேபோல என்று போட்டோம். இறுக்கும் முன் இடைவெளியில் சிமென்ட் பாலைச் சிரிஞ்சால் விட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். காயாமல் இறுக்கினால் வாசக்கால் உள்வாங்கி வளைந்துவிடும், கதவு உரச ஆரம்பிக்கும்.

கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. நான்கு அங்குலக் கீலில் எட்டு ஓட்டை இருந்தால் ஐந்தில்தான் திருகு இருந்தது. எல்லாவற்றையும் நீளத் திருகாக மாற்றினோம், வாசக்கால் பக்கம் 3 அங்குலம், கதவுப் பக்கம் கதவுச் சட்டத்துக்கு ஏற்றபடி.

வெளியே நிற்பவரைப் பார்க்கக் கதவில் வைக்கும் சின்ன லென்ஸ், அந்தக் கதவுக் கண்ணைப் பற்றி அம்மாதான் சொன்னார். "அதுல நான் என்னிக்குடி பாத்திருக்கேன், எனக்கு எட்டவே எட்டாது." எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பகலெல்லாம் வீட்டில் இருப்பது அவர், கண்ணாடி இருந்தது என் உயரத்துக்கும் மேலே. இத்தனை நாள் காலிங் பெல் அடித்தால் யார் என்று குரல் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்துதான் பார்த்திருக்கிறார். அவரைச் செருப்பில்லாமல் கதவோரம் நிற்க வைத்து, கண்ணுக்கு நேராகப் பென்சிலால் குறித்து அங்கே இரண்டாவது ஒன்று போட்டோம். 14 எம்எம் பிட், வெளியிலிருந்து பாதி, உள்ளிருந்து பாதி. ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் வினீர் பிய்த்துக்கொண்டு வரும். உள்பக்கம் மூடி இருக்கும் வகையாக வாங்குங்கள், வெளியிலிருந்து லென்ஸ் வழியாக உள்ளே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. இப்போது கூரியர் வந்தாலும் கேஸ் சிலிண்டர் வந்தாலும் அம்மா முதலில் பார்க்கிறார், பிறகு கிரில் கேட்டைத் திறக்காமலே பேசுகிறார்.

அந்தக் கிரில் கேட் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் கம்பிக்கு நடுவில் கை நுழையும், கை நுழைந்தால் தாழ்ப்பாள் எட்டும். தாழ்ப்பாளைச் சுற்றி ஓர் அடிக்கு ஓர் அடி இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தோம், பூட்டு தொங்குகிற இடத்துக்கு அடிப்பக்கம் மட்டும் திறந்த பெட்டி மாதிரி ஒரு மறைப்பு. வெளியே திறக்கும் கேட் என்பதால் கீலின் முள் வெளிப்பக்கம் இருக்கும், தட்டிக் கழற்றிவிடலாம், அதன் தலையிலும் ஒரு சொட்டு வெல்டிங். வேலை நடக்கும்போது மரக்கதவின் மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட மறக்காதீர்கள், பொறி பட்டால் பாலிஷ் போய்விடும். கேட்டை முழுசாகத் திறந்தால் எதிர்வீட்டு வாசலையோ படிக்கட்டையோ மறிக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க பால்கனியில் அலுமினியச் சறுக்குக் கதவு. கொக்கி போட்டால் பூட்டியாகிவிட்டது என்றுதான் இருந்தோம். கதவை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். எங்களுடையது மேல் தடத்துக்குள் ஏறி, கீழ்ச் சக்கரம் தடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது, கொக்கி போட்டிருக்கும்போதே. இதற்கு மருந்து சுலபம். கதவை மூடிய நிலையில் அதற்கு நேர் மேலே, மேல் தடத்தின் உட்கூரையில் சின்னத் திருகுகளை இறக்கி, அவற்றின் தலைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு எம்எம் மட்டும் விட வேண்டும், கதவு நகரும், ஆனால் தூக்க முடியாது. கீழ்த் தடத்தில் குச்சி வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் இரண்டு கதவும் நகரும் வகையில் உள்தடத்தில் மட்டும் குச்சி வைத்தால் வெளிக்கதவு இன்னும் நகரும். அதனால் இரண்டு சட்டமும் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் 6 எம்எம் துளை போட்டு ஒரு ஸ்டீல் ஊசியைச் செருகிவைக்கிறோம். உள் சட்டம் முழுசும், வெளிச் சட்டத்தின் முதல் தகடும் துளைந்தால் போதும். ஆழம் தெரிய பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி சட்டத்துக்குள் எதுவரை வருகிறது என்று பார்த்துவிட்டு நிதானமாகப் போட வேண்டும். ஊசியை ஒரு நூலில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன், அம்மா மாலை விளக்கேற்றும் நேரத்தில் செருகிவிடுவார்.

பால்கனிக்கு முழுக் கிரில் போடலாமே என்று கேட்டார்கள். போடலாம், ஆனால் முன்கதவுப் பக்கம் தீப்பிடித்தால் வெளியேற வேறு வழியே இல்லாமல் கம்பிக்குப் பின்னால் நிற்க வேண்டிவரும். ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறக்கும் பகுதி ஒன்று வைத்து, அதன் சாவியை வெளியிலிருந்து கை எட்டாத, ஆனால் இருட்டில் நம் கை தானாகப் போகிற இடத்தில் மாட்டுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். நாங்கள் போடவில்லை.

குளியலறை வென்டிலேட்டரில் சாய்வாக அடுக்கிய லூவர் கண்ணாடி. அவற்றைப் பிடித்திருக்கும் தகரத்தை லேசாக நிமிர்த்தினால் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும், ஒரு சத்தமும் இருக்காது. உள்பக்கம் கம்பிச் சட்டம் ஒன்றை ராவல் பிளக் போட்டுப் பொருத்தினோம். பலகை வைத்து அடைத்துவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். கேஸ் கீசர் இருக்கும் குளியலறையில் காற்று போக வழியில்லையென்றால் கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிரையே எடுத்துவிடும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

படிக்கட்டு விளக்குக்குச் சென்சார் வைத்த எல்இடி பல்பு போட்டேன். இந்தச் சென்சார், சுற்றியிருக்கும் சூட்டுக்கும் நகர்கிற உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, மே மாதச் சென்னையில் சுவரும் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும்போது அதன் எட்டும் தூரம் குறையும். நேராக நம்மை நோக்கி வருகிறவனைவிடக் குறுக்கே நடப்பவனை நன்றாகப் பிடிக்கும், ஆகவே படி திரும்புகிற இடத்தில் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். கேமராவும் கடைசியில் ஒன்று வாங்கினேன், எதிர்வீட்டு வாசல் தெரியாதபடி கோணத்தைத் திருப்பி, அந்த அக்காவையே என் போனில் பார்க்கச் சொல்லிவிட்டுப் பொருத்தினேன். கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரவுட்டருக்கும் கேமராவுக்கும் சின்ன யுபிஎஸ் வையுங்கள், இல்லையென்றால் கரண்ட் போனால் இரண்டும் போய்விடும்.

ஊருக்குப் போகும்போதுதான் இன்னும் கவலையாக இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் பக்கத்தில் பாதி வீடு காலி, எது காலி என்று தெருவில் நடந்தாலே தெரிந்துவிடும். வெளியே தொங்குகிற பெரிய பூட்டு, வாசலில் சேர்ந்த பேப்பர், கைப்பிடியில் மாட்டிய பால் பை, கேட்டில் செருகிய நோட்டீஸ். அதனால் வெளியே பூட்டுத் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டு உள்பூட்டை மட்டும் போடுகிறோம், கேட்டின் பூட்டு மறைப்புக்குள் இருப்பதால் தெரியாது. பால், பேப்பர் நிறுத்தச் சொல்லிவிடுவோம், எதிர்வீட்டு அக்கா அவர்கள் வாசலில் கோலம் போடும்போது எங்கள் வாசலிலும் இரண்டு இழை இழுத்துவிடுவார், அவர்கள் போகும்போது அம்மா அதைச் செய்வார். போலீஸ் ஸ்டேஷனில் முகவரி, தேதி எழுதிக் கொடுத்தால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி, துளசித் தொட்டி இங்கெல்லாம் சாவி வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டோம், திருட வருகிறவன் முதலில் தேடுகிற இடங்கள் அவைதான். அம்மாவின் போனில் 112-ஐ ஒரே தொடுதலில் அழைக்கிற மாதிரி முகப்பிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பூட்டு கொஞ்ச நாளில் இறுக ஆரம்பித்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசு ஒட்டிப் பிசினாகி உள்ளே இருக்கும் குச்சிகள் சிக்கிக்கொள்ளும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைச் சாவியில் தடவிப் போட்டு இழுத்தால் போதும்.

செலவு என்று பார்த்தால் கேமராவுக்குக் கொடுத்ததைவிட வாசக்காலுக்கு ஆன பொருள் செலவு குறைவு, கூலிதான் அதிகம், அதை நான் மனப்பூர்வமாகக் கொடுத்தேன். பழைய சிலிண்டரைத் திருகோடு ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். எல் ஆங்கிளும் ஆங்கரும் அங்கேயே இருக்கட்டும், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும்.

அம்மா இன்னும் ராத்திரி ஒரு தடவை எழுந்து கதவைத் தொட்டுப் பார்க்கிறார், ஆனால் உடனே தூங்கிவிடுகிறார். மொட்டை மாடிக் கதவுதான் பாக்கி. தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போகிறவர்கள் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள், பக்கத்துக் கட்டட மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு ஒரு தாவல்தான். உள்பக்கத் தாழ்ப்பாளும், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கும் போதும். தீ விபத்தில் மேலே ஓட வேண்டியிருக்கலாம் என்பதால் பூட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அசோசியேஷன் கூட்டத்தில் மூன்றாம் மாடிக்காரர்கள் பூட்டுத்தான் வேண்டும் என்கிறார்கள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.